பால் உறையும் பக்குவமும் பெரோவ்ஸ்கைட் மின்கலமும்

செம்பனை வந்து பால்மரங்களை ஒதுக்கித் தள்ளுவதற்கு முன், மலாக்காவின் சுங்கை ரம்பாய் வட்டாரத்துத் தோட்டங்களில் ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் வேலை பார்த்த பெரியவர் எவரைக் கேட்டாலும், அமிலம் ஊற்றும் அளவு சற்றே பிசகினால் ரப்பர் ஷீட்டு கெட்டுவிடும் என்றும், நன்றாக உறைந்ததுங்கூடப் புகைவீட்டில் ஈரம் வற்றக் காயாவிட்டால் பூசணம் பூத்துவிடும் என்றும் சொல்வார். பெரோவ்ஸ்கைட் என்னும் புதிய சூரிய மின்கலத்தோடு மல்லுக்கட்டும் விஞ்ஞானிகளின் சங்கடமும் ஏறத்தாழ இதுவேதான்.

யூரல் மலைக் கனிமம் ஒன்றுக்கு 1839-இல் ருஷியப் பிரபு பெரோவ்ஸ்கியின் பெயரை இட்டார்கள். இன்றைய மின்கலத்தில் அந்தக் கல் இல்லை. அதன் அணுக்கள் அடுக்கப்பட்ட ஒழுங்கு மட்டுமே உண்டு. ஈயமும் அயோடினும் ஓர் அங்கக அயனியும் அவ்வொழுங்கில் இணைந்த படிகத்தை 2009-இல் ஜப்பானிய விஞ்ஞானி மியாசாகாவின் குழுவினர் பிரயோகித்தபோது, விழுந்த ஒளியில் நூற்றுக்கு 3.8 பங்கே மின்சாரமாயிற்று. இன்றோ ஆராய்ச்சிக்கூடங்களில் அது 26-ஐத் தாண்டிவிட்டது. ஒளியால் பிறந்த மின்னூட்டங்கள் இப்படிகத்துள் குறைந்தது 100 நானோமீட்டர் தூரமாவது அழியாமல் செல்கின்றன என்று 2013-இல் காட்டியவர்களில் நம் அண்டையிலுள்ள சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் முக்கியமானவர்கள்.

நம் மலாக்காவிலேயே, ரெம்பியாவில் 2010-இல் உற்பத்தி தொடங்கிய ஆலை செய்தது சிலிக்கன் மின்கலம். சிலிக்கனை உருக்க 1,414 பாகை உஷ்ணம் வேண்டும். பெரோவ்ஸ்கைட்டுக்கோ 100 பாகையை ஒட்டிய சூடே போதும். வேகமாய்ச் சுழலும் கண்ணாடித் தகட்டில் மஞ்சள் நிறக் கரைசலைச் சொட்டி, சில விநாடிகள் கழித்துக் குளோரோபென்சீன் போன்ற வேறொரு திரவத்தைச் சட்டென்று மேலே விட்டால், கரைப்பான் விலகிப் படிகங்கள் ஒருசேர நெருங்கி முளைக்கின்றன. சூட்டுத்தட்டில் வைத்ததும் படலம் கரும்பழுப்பாகிறது. அந்தத் திரவத்தை விடும் தருணம் தவறினால் படலமெங்கும் ஓட்டை. தொட்டியில் அமிலம் ஊற்றியவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. சுழற்றும்போது கரைசலில் பெரும்பகுதி வெளியே தெறித்து வீணாவதால், பெரிய தகடுகளுக்கு ஒடுங்கிய பிளவு வழியே மையைப் போல் பரப்பும் முறையை நாடுகிறார்கள்.

பெரிய பகை ஈரம். நீராவி புகுந்தால் கரும்பழுப்புப் படலம் மீண்டும் மஞ்சளாகி, வெறும் ஈய அயோடைடாகக் குலைந்துபோகிறது. அதனால்தான் பல ஆராய்ச்சிக்கூடங்களில் நைட்ரஜன் நிரம்பிய பெட்டிக்குள் கையுறையை நுழைத்து வேலை செய்கிறார்கள். உஷ்ணத்தில் எளிதில் பிரிந்து போகும் மெத்தில் அம்மோனியம் என்னும் அங்கக அயனிக்குப் பதிலாக ஃபார்மமிடினியமும் சீசியமும் சேர்ப்பது ஓரளவு ஸ்திரம் தருகிறது. மற்றதை இருபுறக் கண்ணாடியும் ஓரத்து அடைப்பும் காக்க வேண்டும். 85 பாகை வெப்பத்திலும் 85 விழுக்காடு ஈரப்பதத்திலும் 1,000 மணி நேரம் வைத்துப் பார்க்கும் சர்வதேசப் பரீட்சை ஒன்றுண்டு. கொடியில் போட்ட சட்டை இரண்டு நாளாகியும் உலராத ஊர்க்காரன் நான். எனக்குத் திறன் எண்ணைக் காட்டிலும் அந்தப் பரீட்சையின் முடிவே பெரிது.

ஈயத்தின் அச்சமும் வீணானதன்று. ஒரு சதுர மீட்டர் படலத்தில் அது ஒரு கிராமுக்கும் குறைவே என்றாலும், ஈய அயோடைடு சிறிதளவு நீரில் கரையும். கூரையில் வெடித்த தகடு மழையில் நனைந்தால் ஈயம் கால்வாய்க்கும் வயலுக்கும் போய்ச் சேரும். தகட்டின் இருபுறமும் ஈயத்தைப் பிடித்துவைக்கும் பூச்சைப் பூசி, உடைந்த தகட்டிலிருந்து கசிவதில் 96 விழுக்காட்டுக்கு மேல் தடுக்கலாம் என்று 2020-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள்.