எருக்கை வெட்டும் முன்

சென்னையை அடுத்த ஒரகடம் பக்கம் காலி மனை என்றால் அதில் எருக்கு இருக்கும். தொழிற்சாலை மதிலோரம், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் மண்மேடு, கல் நட்டதோடு நின்றுபோன லேஅவுட், ஏரிக்கரை என்று யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் தானே வளர்ந்து நிற்கும். விநாயகர் சதுர்த்திக்கு மாலை கட்டப் பூவும், ரத சப்தமிக்குத் தலையில் வைத்துக் குளிக்க இலையும் பறிக்க ஆள் வரும். மற்ற நாட்களில் அதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

பட்டாம்பூச்சி ஒன்று பார்க்கிறது. வெந்தய வரியன் என்று பெயர். ஆரஞ்சும் பழுப்பும் கலந்த சிறகு, நுனியில் கறுப்பு, அந்தக் கறுப்பில் ஒரு வெள்ளைப் பட்டை. எகிப்தில் 3,300 ஆண்டுகளுக்கும் முன் நெபமூன் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில் தீட்டப்பட்டு, இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ஓவியத்தில் பறப்பதும் இதுதான். அவ்வளவு பழைய பிரமுகர், ஸ்ரீபெரும்புதூரில் வேலிக்கு வெளியே சுற்றிக்கொண்டிருக்கிறார்.

உலகப் புகழ் பெற்ற மொனார்க் பட்டாம்பூச்சிக்கு இது நெருங்கிய உறவு. இரண்டும் டானாஸ் என்ற ஒரே பேரினம். மொனார்க், கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கிளம்பி 4,000 கிலோமீட்டர் வரை பறந்து மெக்சிகோவின் மலைக்காடுகளில் குளிர்காலத்தைக் கழிக்கும். அது அங்கே போய்ச் சேருகிறது என்று வெளியுலக அறிவியலாளர்களுக்குத் தெரிந்ததே 1975-ல்தான். 2022-ல் அந்த வலசை மொனார்க்கை அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யு.சி.என். சேர்த்தது, மறு ஆண்டே ஒரு படி இறக்கியது. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு அதற்காகச் செடி நடுகிறார்கள், புழுக்களை டப்பாவில் வைத்து வளர்க்கிறார்கள். அங்கே அவர்கள் நடும் செடியும் நம் எருக்கும் ஒரே குடும்பம்தான். நமக்கு நடும் வேலைகூட இல்லை. வெட்டாமல் இருந்தால் போதும்.

ஆனால் வெட்டுகிறோம். எருக்கு, கிளறிப்போட்ட மண்ணை விரும்பும் செடி. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியதும், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்ததும், சுற்றுவட்டார நிலமெல்லாம் விலை பேசப்பட்டது. உழவு நின்ற நிலங்களில் எருக்கு ஏறிக்கொண்டது. அந்த வகையில் தொழில் வளர்ச்சி இந்தப் பூச்சிக்கு முதலில் இடம் கொடுத்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் வீடு கட்ட ஜேசிபி வரும்போது முதலில் வழிக்கப்படுவதும் எருக்குதான். அந்த இடத்தில் கொரியன் புல் விரிப்பார்கள். பார்க்கப் பச்சை, வெந்தய வரியனின் புழு தின்ன அதில் ஒரு இலை கிடையாது.

எருக்கிலையைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் கடுகைவிடச் சிறியதாக, வெள்ளையாக, ஒற்றை முட்டை தெரியும். மூன்று நான்கு நாளில் புழு வெளிவந்து முதலில் தன் முட்டை ஓட்டையே தின்றுவிடும். அடுத்தது இலை. அங்கேதான் அதன் சாமர்த்தியம். எருக்கம்பால் பிசின் மாதிரி ஒட்டும். சின்னப் புழுவின் வாயைக் கட்டிப்போட்டுவிடும். எனவே புழு முதலில் இலை நரம்பைக் கடித்து, பாலை வடியவிட்டு, பால் வற்றிய பக்கமாகப் போய்த் தின்கிறது. சுமார் இரண்டு வாரத்தில் விரல் நீளத்தில் பாதிக்கு வளர்ந்துவிடும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட உடம்பு. முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகள். மொனார்க் புழுவுக்கு இரண்டு ஜோடிதான். பிறகு தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய பத்து நாளில் சிறகு விரிக்கும்.

எருக்கு போன்ற பால்செடிகளில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. புழு அதை உடம்பில் சேர்த்துவைக்கிறது. தின்ற பறவை வாந்தி எடுக்கும், அடுத்த முறை அந்த நிறத்தைக் கண்டாலே விலகும். மனிதருக்கும் எச்சரிக்கை தேவை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி கெடும். செடியைத் தொட்டால் கையைக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டுவிட்டால் நிறைய தண்ணீர் விட்டு அலசி, உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

டப்பாவில் வளர்ப்பது நல்லதா? பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றிரண்டு புழு வளர்க்கலாம், தப்பில்லை. கூட்டமாக வளர்ப்பதுதான் சிக்கல். நெருக்கத்தில் நோய் பரவும்; இந்த வகைப் பட்டாம்பூச்சிகளைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணி, செதில்களோடு உதிர்ந்து இலையில் படிந்து அடுத்த தலைமுறைக்குப் போகிறது. 2019-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வீட்டுக்குள் வளர்த்த மொனார்க்குகளுக்குத் தெற்குத் திசை பிடிபடவில்லை என்றார்கள். 2021-ல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார், வெளியே விட்டபின் அவை சரியாகவே பறந்தன என்றார்கள். அந்த வழக்கு முடியவில்லை. எது எப்படியோ, செடியிலேயே விட்டுவைப்பதற்கு எதிராக யாரும் எதுவும் சொல்லவில்லை.

எருக்கு முளைத்த வீடு உருப்படாது என்பார்கள். அதே வாய், வெள்ளெருக்கு வேரில் செய்த பிள்ளையாரைப் பூஜை அறையில் வைக்கச் சொல்லும். மனசு ஒப்பவில்லை என்றால் வேலியில் வேலிப்பருத்திக் கொடியை விடலாம்; அதிலும் வெந்தய வரியன் முட்டையிடும். நர்சரியில் வாங்கும் செடியென்றால் மருந்து அடிக்காததா என்று கேட்டு வாங்குவது முக்கியம். எருக்கில் மஞ்சள் அசுவினி அப்பிக்கொள்ளும். அதைக் கண்டதும் ஸ்பிரேயரைத் தூக்கினால் புழுவும் சேர்ந்து சாகும். பொறிவண்டுகள் அசுவினியைப் பார்த்துக்கொள்ளும். தேனுக்கு வெட்டுக்காயப் பூண்டு போதும். கிலுகிலுப்பை இருந்தால் ஆண் பூச்சிகள் மொய்க்கும். பெண்ணை மயக்கும் வாசனைக்கான சரக்கை அவை அதிலிருந்துதான் எடுக்கின்றன. நெடுஞ்சாலை நடுவே நட்டிருக்கும் அரளியைத் தின்னவும் வெந்தய வரியனின் உறவுக்காரப் பூச்சி ஒன்று உண்டு. அதன் கூட்டுப்புழு வெள்ளி பூசியது போல மின்னும்.

கடைசியாக ஓர் ஆள்மாறாட்டம். வெந்தய வரியன் என்று நினைத்துப் பார்ப்பதில் சில, அதுவே அல்ல. ஹைப்போலிம்னாஸ் மிசிப்பஸ் என்ற இனத்தின் பெண் பூச்சி, உடம்பில் நஞ்சே இல்லாமல், அந்த நிறத்தை மட்டும் போட்டுக்கொண்டு பறவைகளை ஏய்க்கிறது. ஆணோ கறுப்பில் பெரிய வெள்ளைப் பொட்டு வைத்து, முற்றிலும் வேறு வேஷம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இடம்பிடித்த இந்த இனத்தின் புழு தின்பது எருக்கையல்ல, பருப்புக்கீரையை. மாடித் தொட்டியில் கீரை போட்டவர்கள், அதில் முள்முள்ளாகக் கறுப்புப் புழு ஊர்வதைக் கண்டால், அன்றைக்குக் கூட்டுக்கு வேறு கீரை பார்த்துக்கொள்ளலாம்.