வெளிநாடு போனா பார்வை விரியுமா?

சேலையூர்ல இருந்து மீனம்பாக்கம் ஏர்போர்ட் பக்கம்தான். ஆனா, ஃபிளைட் ஏறினதுமே பார்வை விரிஞ்சிடாது பாஸ்!

எத்தனை நாடு பார்த்தீங்கங்கிறதைவிட, வெளிநாட்டில் எவ்வளவு காலம் வாழ்ந்தீங்கங்கிறதுதான் 'நான் யார்' என்ற தெளிவைத் தருகிறது என்கிறது, ஹாஜோ ஆடம் குழுவினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு. காரணம் சிம்பிள். சாப்பாட்டு நேரம் முதல் கல்யாணம் வரை, இங்கே எல்லாரும் செய்றதையே நாமும் செய்றோம். அங்கேதான் 'இது என் விருப்பமா, வெறும் பழக்கமா?' என்ற கேள்வி வரும்.

கேள்வி கேட்டால் ஊர் விட்டுப்போயிடுமா? போகாது. 1962-ல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் பழந்தமிழ் இலக்கணம் தேடிய ஏ.கே.ராமானுஜன் கையில் சிக்கியது, உ.வே.சா பதிப்பித்த குறுந்தொகை. அதிலிருந்து சில பாடல்களை 1967-ல் ஆங்கிலத்தில் தந்தார்.

அதனால, கிளம்புறீங்கன்னா நிதானமா தங்கிப் பாருங்க. புது ஊரோட சேர்ந்து நம்ம ஊரும் புதுசா தெரியும்!