வைஃபையும் இணையவழிப் பேச்சும்

கைபேசியில் வைஃபைக் குறி நிறைந்து தோன்றியும் பேச்சு அறுபடுவதை விவசாயிகள் பலர் கண்டிருப்பர். வைஃபையும் இணையமும் ஒன்றென எண்ணுவது பிசகு. வைஃபையாவது, ரூட்டர் என்னும் பெட்டிக்கும் கைபேசிக்கும் இடையே கம்பியின்றிச் செல்லும் அலைத் தொடர்பு மாத்திரமே. இதன் முதல் விதிமுறை 1997-ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. வாய்க்கால் செவ்வனே இருப்பினும் ஏரியில் ஜலமில்லாவிடில் வயலுக்குப் பாயாதன்றோ? அவ்வாறே ரூட்டருக்கு வெளியிலிருந்து வரும் இணைப்பு அற்றால் குறியிருந்தும் பயனில்லை.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமுடையதாயினும் சுவரிலும் ஈர இலைகளிலும் விரைவில் தேயும். ஆதலின் தோப்பினூடே மோட்டார் கொட்டகைக்கு முன்னதே உசிதம்.

இணையவழிப் பேச்சில் குரல் எண்களாக்கப்பட்டு, பெரும்பாலும் விநாடியில் ஐம்பதிலொரு பங்கு அளவுள்ள துண்டுகளாக அனுப்பப்படும். இத்துண்டு பாக்கெட் எனப்படும். அது சேரும் தாமதம் ஒருபுறம் 150 மில்லி விநாடிக்கு மேற்படாதிருத்தல் நலம். பாக்கெட்டுகள் சம இடைவெளியில் வராமைக்கு ஜிட்டர் என்று பெயர். கடிதம் பிந்தி வரினும் படிக்கலாம். பிந்திய பாக்கெட்டையோ கருவி தள்ளிவிடுமாதலால் குரல் விட்டுவிட்டுக் கேட்கும்.

மின்சாரம் நின்றால் ரூட்டரும் நிற்கும். வைஃபையை மாத்திரம் நம்பிய வீட்டில், புயலிரவில் அபாயத்தை அறிவிக்கவும் வழியிராது. ரூட்டருக்கு ஒரு பாட்டரியும், டவர் வழியாகப் பேசும் ஸிம் கார்டும் மழைக்காலத்திற்கு முன்னரே சித்தமாக வைத்துக்கொள்ளல் வேண்டும்.