பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்து வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்குக் குறையாத ப்ராசஸரையும் கேட்கிறது. 2017-க்கு முன்பு வாங்கிய லேப்டாப்புகள் அநேகமாக இதில் தேறாது. திரையும் கீபோர்டும் நன்றாக இருந்தும் அலமாரிக்குப் போய்விட்ட லேப்டாப் பல வீடுகளில் கிடக்கிறது. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவையும் இதில் சேர்த்தி. அந்தத் திட்டத்தின் தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இயங்குதளம் அது. கையில் லினக்ஸ் இருந்தும் அதைத் திறந்தே பார்க்காமல் கல்லூரியை முடித்தவர்கள் பலர்.

இப்போது அந்த லேப்டாப்பில் லினக்ஸ் போடலாம் என்று நினைப்பவர் முதலில் திகைப்பது பெயர்களைப் பார்த்துத்தான். உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா, எம்எக்ஸ், ஆன்டிஎக்ஸ், பப்பி, சோரின் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும் 'கெர்னல்' என்ற மையப்பகுதி ஒன்றுதான்: லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கியது. அதோடு டெஸ்க்டாப், பிரவுசர், ஆஃபீஸ் மென்பொருள், நிறுவும் கருவி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டித் தருவதைத்தான் வழங்கல் என்கிறோம். பழைய லேப்டாப்புக்குக் கவனிக்க வேண்டியது வழங்கலின் பெயரைவிட அதன் டெஸ்க்டாப். மின்டிலேயே சின்னமன், மேட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று பதிப்புகள் உண்டு. பார்க்க அழகானது சின்னமன். பழைய இயந்திரத்துக்கு ஏற்றது எக்ஸ்எஃப்சிஇ. உபுண்டு தன் வழக்கமான பதிப்பில் தருவது ஜிநோம். அது நல்ல டெஸ்க்டாப்தான், ஆனால் 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்புக்குச் சுமை.

வழங்கலைத் தேர்ந்தெடுக்கும் முன் லேப்டாப்பைப் பற்றி மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். ரேம் எவ்வளவு, ப்ராசஸர் 64 பிட்டா 32 பிட்டா, உள்ளே இருப்பது ஹார்டு டிஸ்க்கா எஸ்எஸ்டியா. விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் முதல் இரண்டும் தெரிந்துவிடும். 'சிஸ்டம் டைப்' என்ற வரியைப் படிக்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். அதில் இரண்டு தகவல்கள் இருக்கும்: ஒன்று போட்டிருக்கும் விண்டோஸைப் பற்றியது, மற்றது ப்ராசஸரைப் பற்றியது. 2 ஜிபி ரேம்தானே என்று சர்வீஸ் கடைக்காரர் 32 பிட் விண்டோஸைப் போட்டுக் கொடுத்திருக்கலாம். ப்ராசஸர் 64 பிட்டாகவே இருக்கும். அந்த வரியில் 'எக்ஸ்64' ப்ராசஸர் என்று இருந்தால் 64 பிட் லினக்ஸ் தாராளமாக ஓடும். இன்டெல்லின் கோர் 2 டுவோ 2006-இல் வந்தது; அதிலிருந்தே 64 பிட் உண்டு. சிக்கல் 2008 வாக்கில் வந்த குட்டி நெட்புக்குகளில்தான். அவற்றில் பரவலாக இருந்த ஆட்டம் என்270 வெறும் 32 பிட்.

'இலகுவான லினக்ஸ்' என்று ஒன்றைப் போட்டுவிட்டால் லேப்டாப் பறக்கும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. இதில் பாதிதான் உண்மை. எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் திறந்து சும்மா இருக்கும்போது சுமார் 700, 800 எம்பி ரேம் எடுக்கும். ஆன்டிஎக்ஸ் போன்ற மெலிந்த வழங்கல் அதில் மூன்றில் ஒரு பங்கோடு நின்றுவிடும். அதனால் மிச்சப்படுவது ஒரு 500 எம்பி. அதன்பின் நீங்கள் பிரவுசரைத் திறந்து யூடியூப், ஜிமெயில், ஒரு செய்தித்தளம் என்று மூன்று டேப் வைத்தால் அந்த மிச்சம் முழுவதும் போய், மேற்கொண்டும் கேட்கும். இன்றைய இணையப் பக்கங்கள் அவ்வளவு கனமானவை; எந்த லினக்ஸும் அவற்றை மெலிய வைக்க முடியாது. ஆகவே 'இந்த லேப்டாப்பில் எது ஓடும்' என்பதைவிட 'இதில் பிரவுசரைத் திறந்தபின் எவ்வளவு ரேம் மிச்சம் இருக்கும்' என்று கேட்டுக்கொள்வது நல்லது. வழங்கல்களை வரிசைப்படுத்திப் போடும் வீடியோக்களில் இந்தக் கணக்கு வருவதே இல்லை. டெஸ்க்டாப் திறந்ததும் எத்தனை எம்பி என்று காட்டிக் கைதட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

4 ஜிபி ரேமும் 64 பிட் ப்ராசஸரும் இருந்தால் என் பதில் ஒன்றே: லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. விண்டோஸில் பழகியவருக்கு மெனு எங்கே, கடிகாரம் எங்கே என்று தேட வேண்டியிருக்காது. மின்ட் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பின்மேல் கட்டப்படுகிறது; 2024-இல் தொடங்கிய 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்புகள் வரும். புதியவருக்கு இது பெரிய நிம்மதி. உபுண்டு குடும்பத்திலேயே உள்ள லுபுண்டு இன்னும் கொஞ்சம் இலகு, ஆனால் அதன் ஒவ்வொரு நீண்டகாலப் பதிப்புக்கும் ஆதரவு மூன்று ஆண்டுகளே. மின்டுக்கு ஐந்து. 8 ஜிபி இருந்தால் சின்னமன் பதிப்பையே போட்டுக்கொள்ளலாம்.

2 ஜிபி என்றால் முதல் யோசனை மென்பொருள் அல்ல, இன்னொரு ரேம். பழைய லேப்டாப்புகளில் பலவற்றில் பின்மூடியைத் திறந்தால் காலி ஸ்லாட் ஒன்று இருக்கும். சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடங்களில் பழைய டிடிஆர்3 ரேம் கிடைக்கும். வாங்கும்போது உள்ளே இருப்பதன் ஸ்டிக்கரைப் பார்த்துக்கொள்ளுங்கள்: 'பிசி3' என்பது 1.5 வோல்ட், 'பிசி3எல்' என்பது 1.35 வோல்ட். 1.35 மட்டுமே ஏற்கும் லேப்டாப்பில் மற்றதைச் செருகினால் வேலை செய்யாது. பழைய ரேமைக் கழற்றி எடுத்துப் போய்க் கடையில் காட்டுவது இன்னும் சுலபம். ரேம் கூட்ட வழியே இல்லை என்றால் எம்எக்ஸ் லினக்ஸ் அல்லது ஆன்டிஎக்ஸ் போடலாம். இரண்டும் டெபியனை அடிப்படையாகக் கொண்டவை, ஒன்றுக்கொன்று உறவினர். எம்எக்ஸ் புதியவருக்கு இணக்கமானது. ஆன்டிஎக்ஸ் இன்னும் சிக்கனம், ஆனால் தோற்றத்தில் கொஞ்சம் முரடு. எதைப் போட்டாலும் ஒரு நேரத்தில் இரண்டு மூன்று டேப்புக்கு மேல் திறக்காத பழக்கம் வேண்டும்.

32 பிட் ப்ராசஸர்? இங்கே ஆசையை வளர்த்துக்கொள்ள வேண்டாம். கூகுள் குரோம் லினக்ஸுக்கான 32 பிட் பதிப்பை 2016-இலேயே நிறுத்திவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ 32 பிட் பிசியில் நேரடியாக நிறுவ முடியாது. அதே ஆண்டின் இறுதியில் ஃபயர்ஃபாக்ஸும் 145-ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. இப்படிப்பட்ட நெட்புக்கில் பழைய டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23-ஐயோ, முழுவதும் ரேமில் ஏறி ஓடும் பப்பி லினக்ஸையோ போட்டுக் கட்டுரை தட்டச்சு செய்யலாம், பாட்டுக் கேட்கலாம். அதில் பேங்க் வேலை பார்க்காதீர்கள்.

ஒரு வழங்கலைப் பற்றி மட்டும் எச்சரிக்கை. ஹேக்கிங் ஆசையில் பதினேழு பதினெட்டு வயதுக்காரர்கள் முதல் லினக்ஸாகக் காளியைப் போட்டுவிடுகிறார்கள். அது பாதுகாப்புச் சோதனை செய்பவர்களுக்கான தொழில்கருவி. லினக்ஸ் பழகாதவர்களுக்கு அது ஏற்றதல்ல என்று அதன் ஆவணங்களே சொல்கின்றன.

பாஸ் லினக்ஸையே திரும்பப் போட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். போடலாம், தவறில்லை. ஆனால் ஏதாவது பிழைச்செய்தி வந்து அதைத் தேடும்போது மின்டுக்கும் டெபியனுக்கும் கிடைக்கும் பதில்கள் பல மடங்கு. புதியவருக்குத் தேவை அதுதான். இதே காரணத்துக்காக, உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவக்கூடியவர் ஃபெடோராவோ உபுண்டுவோ பயன்படுத்துகிறார் என்றால், லேப்டாப் தாங்கும்பட்சத்தில், நான் மேலே சொன்னதை மறந்துவிட்டு அவர் பயன்படுத்துவதையே போட்டுக்கொள்ளுங்கள். சென்னை லினக்ஸ் பயனர் குழு, விழுப்புரம் ஜிலக் போன்ற குழுக்களில் கேட்டால் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கும். கணியம் இதழ் 2012 முதல் தமிழிலேயே இவற்றை எழுதிவருகிறது.

யாருக்கு லினக்ஸ் சரிப்படாது என்பதையும் சொல்லியாக வேண்டும். டேலியில் கணக்குப் பார்ப்பவர், ஃபோட்டோஷாப்பிலும் கோரல் டிராவிலும் பிழைப்பு நடத்துபவர், பேஜ்மேக்கரில் பழைய கோப்புகளை வைத்திருக்கும் டிடிபி கடைக்காரர், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனைச் செருகி அரசுத் தளங்களில் தாக்கல் செய்பவர். இவர்கள் தொழில் நடக்கும் இயந்திரத்தைத் தொட வேண்டாம். வேர்டு, எக்ஸெல் மட்டும் போதும் என்பவர்களுக்கு லிப்ரே ஆஃபீஸ் பெரும்பாலும் போதும். சிக்கலான வேர்டு கோப்பைத் திறந்தால் பக்க அமைப்பு சற்று நகரும். அலுவலகத்துக்கு அனுப்புவதை பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிடுங்கள்.

தமிழ்த் தட்டச்சு பற்றிய பயம் தேவையில்லை. என்எச்எம் ரைட்டர் விண்டோஸுக்கானது, இங்கே வராது. அதற்குப் பதில் 'ஐபஸ்' என்ற உள்ளீட்டு முறையோடு 'ஐபஸ்-எம்17என்' என்ற தொகுப்பை நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை இரண்டும் கிடைக்கும். வெறும் கீபோர்டு லேஅவுட் பட்டியலிலும் தமிழ்99 இருக்கிறது; ஆனால் புள்ளி தானாக விழுவது போன்ற வசதிகள் வேண்டுமானால் எம்17என்தான் சரி. பாமினி, வானவில் எழுத்துருக்களில் பழைய கோப்புகள் வைத்திருப்பவர்கள் அந்த எழுத்துருக் கோப்பை இருமுறை கிளிக் செய்து லினக்ஸிலும் நிறுவிக்கொள்ளலாம். படிப்பதற்கு அது போதும். தேடவும் பகிரவும் யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். அது விண்டோஸிலும் இருக்கும் வேலைதான்.

முடிவெடுத்தாயிற்று என்றால் உடனே நிறுவ வேண்டாம், பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். 8 ஜிபி பென்டிரைவ் போதும். வழங்கலின் சொந்தத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் மூலம் அதில் எழுதுங்கள். பென்டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும். பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கும் பூட் மெனுவைத் திறக்க, லேப்டாப்பை ஆன் செய்தவுடன் டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஸ்கேப் அழுத்தி எஃப்9. ஏசரில் எஃப்12 வேலை செய்யவில்லை என்றால் எஃப்2 வழியாக பயாஸுக்குள் போய் அந்த மெனுவை இயக்க வேண்டியிருக்கும். திறந்ததும் வைஃபை, ஒலி, கேமரா, டச்பேட், திரை வெளிச்சம், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிராட்காம் வைஃபை சிப் உள்ள சிலவற்றில் தொடக்கத்தில் வைஃபை தெரியாது. செல்போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டு, மின்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் தேவையானதை அதுவே காட்டும்.

எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பற்றது' என்று வருகிறதா? லினக்ஸைத் திட்டுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். பல ஆண்டுகள் கிடந்த லேப்டாப்பில் மதர்போர்டின் சின்ன பேட்டரி தீர்ந்து, தேதி 2010-க்கோ 2012-க்கோ போயிருக்கும். தளங்களின் சான்றிதழ்கள் அந்தத் தேதியில் செல்லாது. தேதியைச் சரிசெய்தால் இணையம் வந்துவிடும். பேட்டரியை மாற்றினால் தேதி நிலைக்கும்.

நிறுவும்போது விண்டோஸை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு லினக்ஸை இன்னொரு பக்கம் போடும் 'டூயல் பூட்' வழி உண்டு. பழைய லேப்டாப்பில் எனக்கு அது பிடிப்பதில்லை. இருக்கும் ஹார்டு டிஸ்க்கே மெதுவானது. அதைப் பிரித்து இரண்டு பேருக்குக் கொடுப்பதில் என்ன லாபம்? ரேம் போதுமென்றால், கையில் காசு இருக்கும்போது செய்ய வேண்டிய ஒரே செலவு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. 2010-க்குப் பிந்திய லேப்டாப்புகளில் பெரும்பாலானவற்றில் ஹார்டு டிஸ்க் இருந்த அதே இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். லேப்டாப் திறக்க இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டிருந்தது அரை நிமிஷத்துக்குள் வந்துவிடும். எந்த வழங்கலை மாற்றினாலும் இந்த அளவு வித்தியாசம் தெரியாது. 120 ஜிபியே போதும்; மின்ட் கேட்பது குறைந்தபட்சம் 20 ஜிபி.

எஸ்எஸ்டி போடுவதில் இன்னொரு சௌகரியம், கழற்றிய ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸும் பழைய படங்களும் அப்படியே இருக்கும். அதைத் தனியாக எடுத்து வையுங்கள். லினக்ஸ் பிடிக்கவில்லை என்றால் ஸ்குரூவைத் திருகித் திரும்பப் பொருத்திவிடலாம். ஓரிரு மாதம் ஓடி, விண்டோஸை யாரும் கேட்கவில்லை என்றால், உள்ளே இருக்கும் படங்களைப் பிரதி எடுத்தபின் ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப் டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம்.