குமரிக்காரர் எந்தக் கட்சி? தெரியுமா?

ஒரே தொகுதி. அடுத்தடுத்து ஐந்து நாடாளுமன்றத் தேர்தல். ஜெயித்த கட்சிகள் எத்தனை தெரியுமா? நான்கு! 1999-ல் நாகர்கோவிலில் பா.ஜ.க.வின் பொன். இராதாகிருஷ்ணன். 2004-ல் அப்படியே எதிர்ப்பக்கம் தாவி, மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ.வி. பெல்லார்மின்! 2009-ல் தொகுதியின் பெயரே கன்னியாகுமரி என்று மாறியது, ஜெயித்தவர் தி.மு.க.வின் ஹெலன் டேவிட்சன். 2014-ல் மறுபடியும் பொன்னார். 2019-ல் காங்கிரஸின் எச். வசந்தகுமார், அதுவும் சுமார் 2.6 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில்! இருபதே வருஷத்தில் எல்லாக் கொடியும் இந்த ஊர்த் தெருவில் வெற்றி ஊர்வலம் போயிருக்கிறது மக்கா!

எல்லாக் கொடியுமா? ஒன்று பாக்கி இருக்கிறது! 2014-ல் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37-ஐ அ.தி.மு.க. அள்ளிக்கொண்டு போனதே, நினைவிருக்கிறதா? கைநழுவிய இரண்டு எவை? ஒன்று தர்மபுரி. இன்னொன்று கன்னியாகுமரியேதான்! இரட்டை இலையில் நின்று இங்கிருந்து டெல்லிக்குப் போனவர் 2024 வரை ஒருவர்கூட இல்லை.

அதைவிட வேடிக்கை 2021 ஏப்ரல் 6. வசந்தகுமார் காலமானதால் வந்த நாடாளுமன்ற இடைத்தேர்தலும் சட்டமன்றப் பொதுத்தேர்தலும் ஒரே நாளில்! ஒரே வரிசை, ஒரே விரலில் மை, ஆனால் இரண்டு மெஷின். நாடாளுமன்றத்துக்கு ஜெயித்தவர் வசந்தகுமாரின் மகன் விஜய் வசந்த், காங்கிரஸ். சரி, சட்டமன்றத்துக்கு? நாகர்கோவில் பா.ஜ.க.வுக்கு, கன்னியாகுமரி அ.தி.மு.க.வுக்கு, பத்மநாபபுரம் தி.மு.க.வுக்கு, குளச்சலும் விளவங்கோடும் கிள்ளியூரும் காங்கிரஸுக்கு! 6 தொகுதி, 4 கட்சி! நாகர்கோவிலில் ஜெயித்த எம்.ஆர். காந்தி, காலில் செருப்பே போடாத மனிதர். தேர்தலுக்குத் தேர்தல் நின்று, தோற்று, எழுபது தாண்டிய வயதில் முதல்முறையாக எம்.எல்.ஏ. ஆனார்!

இப்படி எந்தக் கட்சிக்கும் எழுதிக் கொடுக்காத வாக்காளர்கள் அமெரிக்காவில் எவ்வளவு பேர் தெரியுமா? காலப் நிறுவனம் 2024-ல் எடுத்த கணக்குப்படி 43 சதவீதம்! ரிபப்ளிகன் என்றோ டெமாக்ரட் என்றோ சொல்லிக்கொள்பவர்களைவிட இவர்கள்தான் அதிகம்! அப்படியானால் ராஜ உபசாரம் நடக்குமே? எங்கே! அங்கே பல மாநிலங்களில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும்போதே எந்தக் கட்சி என்று எழுதச் சொல்கிறார்கள். ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதை முடிவு செய்ய ‘பிரைமரி’ என்று முன்கூட்டியே ஒரு தேர்தல் வரும். ஃபுளோரிடா போன்ற இடங்களில் கட்சிப் பெயர் எழுதாதவருக்கு அந்தக் கதவு சாத்தியே கிடக்கும்! அந்தத் தேர்தலை நடத்துவது யார் பணத்தில்? அவருடைய வரிப்பணமும் சேர்த்துத்தான்!

கதவைத் திற என்ற கூச்சல் அங்கே பல வருஷமாகக் கேட்கிறது. 2010-ல் கலிபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டே திறந்துவிட்டார்கள். எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில். யாரும் யாருக்கும் போடலாம். முதல் இரண்டு பேர் இறுதிச் சுற்றுக்கு! விளைவு? 2016 செனட் தேர்தலில் முதல் சுற்றில் 34 பேர் நின்றார்கள். இறுதிக்கு வந்த இருவரும் ஒரே கட்சி! இருவரும் பெண்கள்! ஜெயித்தவர் யார் தெரியுமா? மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்தை அம்மாவழித் தாத்தாவின் பூர்வீக ஊராகக் கொண்ட கமலா ஹாரிஸ்!

அலாஸ்காவில் இன்னும் திகில். அங்கே திறந்த பிரைமரியில் முதல் நான்கு பேர் தேறுவார்கள். இதை ஒழித்துவிடலாமா என்று 2024 நவம்பரில் ஓட்டெடுப்பு. விழுந்தவை மூன்று லட்சம் ஓட்டுக்கு மேல்; முறை பிழைத்ததோ ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில்! அதே நாளில் கொலராடோ, நெவாடா, ஐடஹோ, தெற்கு டகோட்டா எல்லாம் ‘எங்களுக்கு இது வேண்டாம்’ என்று கைகழுவிவிட்டன.

நம் நாட்டில்? பிரைமரி என்ற ஒன்றே சட்டத்தில் கிடையாது! உங்கள் வாக்காளர் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். கட்சிக்கு என்று ஒரு கட்டம் இருக்கிறதா? இல்லை! அரசுப் பதிவேட்டில் நாம் அத்தனை பேரும் கட்சி இல்லாதவர்கள்தான். ஆனால் சின்னத்துக்குப் பின்னால் நிற்கும் ஆளை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? சென்னையிலோ டெல்லியிலோ ஓர் அறைக்குள் நாலு பேர். (குமரிக்காரர் இத்தனை தடவை மாற்றி மாற்றிக் குத்துவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணக்கு.)

முயற்சியே நடக்கவில்லையா? நடந்தது! 2014-ல் காங்கிரஸ் சில தொகுதிகளில் கட்சிக்காரர்களை ஓட்டுப் போட வைத்து வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது. வடோதராவில் அப்படி ஜெயித்தவர் நரேந்திர ராவத். பிறகு அங்கே நரேந்திர மோதி நிற்கப்போவதாக அறிவிப்பு வந்தது. ராவத் விலக, மதுசூதன் மிஸ்திரி களத்துக்கு வந்தார்! 2022-ல் ஆம் ஆத்மி இன்னும் ஒரு படி போனது. பஞ்சாபில் முதல்வர் வேட்பாளர் யார் என்று போன் நம்பர் கொடுத்து ஊரையே கேட்டது. பதில் சொன்னவர்கள் 21 லட்சத்துக்கு மேல் என்று அறிவித்தது! பகவந்த் மானுக்கு 93 சதவீதமாம்!

திரும்ப நாஞ்சில் நாட்டுக்கு வருவோம். இந்தியா முழுக்க வயது வந்த அனைவரும் முதன்முதலில் ஓட்டுப் போட்டது 1951-52-ல். நம் தாத்தா பாட்டிகள் எப்போது போட்டார்கள் தெரியுமா? 1948 பிப்ரவரியிலேயே! அப்போது இது திருவிதாங்கூர். ஆணுக்கும் பெண்ணுக்கும், சொத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு! பெரிய காங்கிரஸ் அலையாக அடித்த அந்தத் தேர்தலில் தமிழ்ப் பகுதிகளில் மட்டும் புத்தம்புதிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களைப் பிடித்தது! அதன் தலைவர் மார்ஷல் நேசமணி, 1952-ல் அதே கட்சியின் பெயரில் நாகர்கோவிலிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் போனார். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தன.

1967-ல் சொந்த ஊர் விருதுநகரில் 1,285 ஓட்டில் காமராஜர் தோற்றாரே, அவரை டெல்லிக்கு அனுப்பியது எந்த ஊர்? நாகர்கோவில்! நேசமணி மறைந்து 1969-ல் வந்த இடைத்தேர்தலில், தி.மு.க. ஆட்சியில் இருக்கும்போதே, லட்சம் ஓட்டுக்கு மேல் வித்தியாசம்! 1971-ல் காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸ் தமிழ்நாட்டில் பிடித்தது ஒரே ஓர் எம்.பி. இடம். அதுவும் இதேதான்! பிறகு என். டென்னிஸ் 1980 முதல் 1998 வரை தொடர்ந்து ஆறு முறை எம்.பி.! நடுவில் காங்கிரஸிலிருந்து த.மா.கா.வுக்கு மாறினார், ஜனங்கள் சின்னத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துக் குத்தினார்கள்.

பத்மநாபபுரம் இன்னொரு தினுசு. எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே ஜெயித்த 1984 அலையிலும், இந்து முன்னணியின் வி. பாலச்சந்திரன் அங்கே சுயேச்சையாக நின்று ஜெயித்தார்! 1996-ல் தமிழ்நாட்டின் முதல் பா.ஜ.க. எம்.எல்.ஏ., சி. வேலாயுதன், வந்ததும் அதே தொகுதியிலிருந்துதான்! பக்கத்தில் விளவங்கோடு. 2024 இடைத்தேர்தல் முடியும் வரை எந்தத் திராவிடக் கட்சியும் அங்கே வென்றதில்லை! அந்த இடைத்தேர்தலில் காங்கிரஸ், அ.தி.மு.க., பா.ஜ.க., நாம் தமிழர் நால்வருமே நிறுத்தியது பெண்களை!

சுயேச்சையாக நிற்பது லேசா? அங்கீகாரம் பெற்ற கட்சி ஆளுக்கு முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும்! டெபாசிட் சட்டமன்றத்துக்கு 10,000, நாடாளுமன்றத்துக்கு 25,000 ரூபாய். ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் கோவிந்தா! ஒரு காலத்தில் சட்டமன்ற டெபாசிட் வெறும் 250 ரூபாய். அந்தக் காலத்தில், 1996-ல், மொடக்குறிச்சியில் நின்றவர்கள் 1,033 பேர்! வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைத்துக் கொடுத்தார்கள்! 88 பேருக்கு ஓர் ஓட்டுகூட இல்லை. ஏன், சொந்த ஓட்டு என்ன ஆயிற்று? எல்லாம் விவசாயிகளின் எதிர்ப்புப் போராட்டம்!

2024-ல் ராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் நின்ற முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வத்தோடு இன்னும் ஐந்து ஓ. பன்னீர்செல்வம்! அப்படியும் அவர் 3.4 லட்சம் ஓட்டு வாங்கி இரண்டாம் இடம்! 2017-ல் டி.டி.வி. தினகரன் குக்கர் சின்னத்தில் ஆர்.கே. நகரையே ஜெயித்தார். 1957-ல் தி.மு.க.வின் முதல் 15 எம்.எல்.ஏ.க்களும் கணக்கில் சுயேச்சைகள்தான்! இன்னொன்று கேளுங்கள்: சுயேச்சையாக ஜெயித்தவர் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தால் பதவி போச்சு! நியமன உறுப்பினருக்கு ஆறு மாதம் அவகாசம் உண்டு, இவருக்கு ஒரு நாள்கூட இல்லை!

கட்சியே இல்லாத தேர்தல் உலகில் உண்டா? அமெரிக்காவின் நெப்ராஸ்கா சட்டமன்றத்தில் 49 பேர். 1936 தேர்தல் முதல் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே கிடையாது! அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? குமரி மாவட்டத்தின் கிராம ஊராட்சிகளிலும் அதே கதைதான்! 2019 டிசம்பரில் கையில் நான்கு சீட்டு கொடுத்தார்களே: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். பச்சையிலும் மஞ்சளிலும் கையும் தாமரையும் உதயசூரியனும் இருக்கலாம். வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா போன்றவை மட்டும்தான்! அந்தப் பூட்டு சாவிக்குப் பின்னால் எந்தக் கட்சிக்காரர் நிற்கிறார் என்று ஊருக்குத் தெரியாதா என்ன? சின்னப் பிள்ளைக்கும் தெரியும்!