மார்பக அறுவைக்குப் பின் கோக்கும் நீரும் டிரானெக்சாமிக் அமிலமும்

மார்பகத்தின் அளவைக் குறைக்கவோ கூட்டவோ செய்யப்படும் அழகியல் அறுவைசிகிச்சையில் திசுக்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கப்படுவதால் உள்ளே ஓர் இடைவெளி உண்டாகிறது. அறுபட்ட நுண்ணிய நாளங்களிலிருந்து கசியும் இரத்தமும் நிணநீரும், புண் ஆறும்போது ஊறும் திரவமும் அதில் தேங்குகின்றன. இரத்தம் தேங்கினால் ஹெமட்டோமா என்றும், வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் கோத்துக்கொண்டால் சீரோமா என்றும் மருத்துவர்கள் பிரித்துச் சொல்கின்றனர். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதாலேயே மருந்தின்மீது மிகையான நம்பிக்கை எழுகிறது.

அதிக மாதவிடாய்ப் போக்குக்கு மாத்திரையாகப் பல பெண்களுக்குப் பழக்கமான டிரானெக்சாமிக் அமிலந்தான் இங்கு பேசப்படும் மருந்து. ஜப்பானிய ஆய்வாளர் உதாகோ ஒகமோட்டோவும் அவருடைய கணவர் ஷோசுகேயும், பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கைத் தடுக்க வழி தேடி, 1962இல் இதை அறிவித்தனர். இரத்த உறைவைத் தாங்கி நிற்கும் ஃபைப்ரின் என்னும் புரத இழைகளைக் கரைக்கும் பிளாஸ்மின், அவ்விழைகளில் பற்றிக்கொள்ளாதபடி இம்மருந்து தடுப்பதால், உண்டான உறைவு எளிதில் கரைவதில்லை.

நார்வேயில் மார்பகக் குறைப்பு செய்துகொண்ட பெண்களிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், ஒரு மார்பகத்தின் புண்பரப்பில் இம்மருந்துக் கரைசலும் மற்றதில் வெறும் உப்புநீரும் தடவப்பட்டன. ஒரே உடலிலேயே ஒப்பிட்ட இந்த முறை மிகுந்த நுட்பம் வாய்ந்தது. முதல் 24 மணி நேரத்தில் வடிகுழாய் வழியே வந்த திரவம் மருந்திட்ட பக்கத்தில் 39 விழுக்காடு குறைந்தது. ஆயினும் அதே ஆய்வாளர்கள் மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டவர்களிடம் பின்னர் சோதித்தபோது, இரத்தக்கசிவு குறைந்ததே தவிர சீரோமா குறையவில்லை. உறைவைக் காக்கும் மருந்து நிணநீர்க் கசிவுக்கு அணையாகாது என்பதால் இது வியப்புக்குரிய முடிவன்று.

சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளும் உடலின் பொதுவான நீரேற்றத்தையே குறைக்குமன்றி, தனிப் பையில் அடைபட்ட நீரை வெளியேற்றா. அதற்கு அழுத்தக் கச்சையும், தேவைப்பட்டால் ஊசியால் உறிஞ்சி எடுப்பதுமே வழி. இரத்தக்கட்டி நோய்க்கு முன்பு ஆளானவர்கள், வலிப்பு நோயாளிகள், சிறுநீரகம் நலிந்தவர்கள் ஆகியோருக்கு டிரானெக்சாமிக் அமிலம் தருவதில் தனிக் கவனம் வேண்டும்.

செயற்கைப் பதியம் வைத்து ஓராண்டுக்கு மேல் கழிந்தபின் திடீரென நீர் கோத்தால் அதை மருந்தால் அடக்க முயல்வது பிழை. சொரசொரப்பான மேற்பரப்புள்ள பதியங்களோடு தொடர்புடைய அரிய நிணநீர்ப் புற்றுநோய் ஒன்று பெரும்பாலும் இவ்வாறே வெளிப்படுவதால், அந்த நீரை எடுத்து சிடி30 என்னும் குறியீட்டுப் புரதத்துக்கான சோதனைக்கு அனுப்ப வேண்டும்.