குட்டிப் பாம்புதானே என்று எண்ணாதீர்!

மாங்காட்டைச் சுற்றி நெல் விளைந்த நிலங்கள் பலவும் இன்று மனைகளாகிவிட்டன. வீடுகளுக்கிடையே புதர் மண்டிய காலி மனைகளும் செங்கற் குவியல்களும் எஞ்சியிருக்கின்றன. எலி உள்ள இடத்தைப் பாம்பு எளிதில் விடுவதில்லை. கோடையின் பிற்பகுதியில் நல்ல பாம்பு, கட்டுவிரியன் ஆகியவற்றின் முட்டைகள் பொரிகின்றன. கண்ணாடி விரியனோ முட்டையிடாது. ஒரே ஈற்றில் இருபது, முப்பது குட்டிகளை ஈனும். அவற்றின் நீளம் ஏறத்தாழ ஒரு சாண்தான்.

அந்த ஒரு சாண்தான் நம்மை ஏமாற்றுகிறது. சிறியது, இன்னும் நஞ்சு ஏறியிராது என்று தாய்மார்கள் துடைப்பத்தால் தள்ளுகிறார்கள். பிள்ளைகள் கையிலும் எடுத்துவிடுகிறார்கள். பிறந்த அன்றே அதற்கு நஞ்சும் உண்டு, நச்சுப்பல்லும் உண்டு. நல்ல பாம்பின் குஞ்சு முட்டையை விட்டு வந்தவுடனேயே படமெடுக்க வல்லது.

கண்ணாடி விரியன் குட்டியின் முதுகில் சங்கிலி கோத்தாற்போல் மூன்று வரிசைக் கரும்பழுப்பு வட்டங்கள் ஓடும். மண்ணுளிப் பாம்பின் திட்டுகளுக்கு அத்தகைய ஒழுங்கில்லை, வாலும் மழுங்கியிருக்கும். மிகுந்த குழப்பம் கட்டுவிரியனிடத்தில்தான். வீட்டுச் சுவரேறும் நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையன் முழு வளர்ச்சியிலும் இளங்கட்டுவிரியன் அளவே இருக்கும். வரையனுக்கு வெண்பட்டைகள் கழுத்தருகே தொடங்கி வால்நோக்கி மங்கும். கட்டுவிரியனுக்குச் சற்றுத் தள்ளித் தொடங்கி வால்வரை செல்லும். ஆயினும் இளங்கட்டுவிரியனின் முன்பகுதியிலும் வெண்மை தென்படுவதுண்டு. கட்டுவிரியனின் நடுமுதுகுச் செதில்கள் அறுகோணமாய்ப் பெரிதாயிருக்கும் என்பது உறுதியான அடையாளமே. ஆனால், அதைக் காணும் அளவுக்கு நெருங்குவது அறிவுடைமையாகுமா? ஐயம் எழுந்தால் நஞ்சுள்ளது என்றே கொண்டு விலகி நின்று, தீயணைப்பு நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.

படுக்குமுன் விரிப்பை உதறிக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருக்கிறார்கள். தரையில் உறங்குவோரை இரவில் தீண்டும் கட்டுவிரியனை நினைக்கையில் இந்த சுன்னத்தின் அருமை விளங்கும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். மருந்து இல்லாமலில்லை. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து மருந்து செய்வோருக்கு அளித்து வருகின்றனர். அந்நான்குக்கும் மருந்து ஒன்றே. ஆதலால் கடித்த பாம்பைத் தேடி அடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. அந்த நேரத்தில் பிள்ளையை மருத்துவமனை சேர்த்துவிடலாம். கடிவாயைக் கீறுவதோ, உறிஞ்சுவதோ, கயிற்றால் இறுக்குவதோ கூடாது. கடிபட்ட கைகாலை அசையாமல் வைத்து 108 ஊர்தியை அழையுங்கள். ஓதிப் பார்ப்பவர்கள் ஊர்தியில் செல்லும்போதே ஓதிக்கொள்ளலாம்.

கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை. பல் பட்ட தடமும் தெரியாமற் போகலாம். தரையில் உறங்கிய பிள்ளை விடியற்காலையில் வயிற்றுவலி என்று அழுது, அதன் இமைகளும் தொங்கத் தொடங்கினால், பாம்பைக் காணாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.